ஃபார்மட் அடிப்பதற்கு முன்: பழவேற்காட்டுக் குப்பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளே,

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், கூனங்குப்பம், லைட் ஹவுஸ் குப்பம் என்று ஏரியையும் கடலையும் ஒட்டி இருக்கும் உங்கள் ஊர்களிலிருந்து கணினியைப் பையில் போட்டுக்கொண்டு பொன்னேரிக்கு பஸ் ஏறுகிறீர்கள். லினக்ஸை அப்கிரேடு செய்யும்போது பாதியில் நின்றுவிட்டது, இப்போது கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும்தான் வருகிறது என்கிறீர்கள். கடையில் ஒரு முறை பார்த்துவிட்டு, "ஓஎஸ் போயிடுச்சு, ஃபார்மட் அடிச்சிரலாம்" என்கிறார்கள். நீங்களும் தலையாட்டுகிறீர்கள். சாயங்காலம் கணினி நன்றாக ஓடியபடி வீடு திரும்புகிறது. அதற்குள் இருந்த எதுவும் திரும்புவதில்லை.

அதற்குள் என்ன இருந்தது என்று நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். அப்பாவின் மீனவர் நலவாரிய அட்டையை ஸ்கேன் செய்து வைத்தது, படகுப் பதிவுச் சான்று, புயல் நிவாரணத்துக்கு எழுதிய மனு, அக்கா கல்யாணப் படங்கள், கல்லூரியில் கொடுக்க வேண்டிய ப்ராஜெக்ட். தாள் வடிவத்தில் இருந்தவை வெள்ளத்தில் நனைந்துபோன வீடுகளில், கணினியில் இருந்த படிதான் கடைசிப் படி. அதைத்தான் ஒரு பிற்பகலில் அழிக்கக் கொடுத்துவிட்டு வருகிறீர்கள். அழிக்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் இருந்ததில்லை என்பதுதான் எனக்கு ஆறாத விஷயம். அதனால்தான் இந்த மடல்.

உங்கள் கைகளில் லினக்ஸ் வந்த வழி எனக்குத் தெரியும். விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று நம் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. தமிழக அரசின் எல்காட் நிறுவனம் வாங்கிக் கொடுத்த அந்தக் கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. அதன் அடித்தளம் டெபியன். அண்ணன் வாங்கிய கணினியைத் தம்பியும், தம்பிக்குப் பின் தங்கையும் ஓட்டிக்கொண்டிருக்கும் வீடுகள் உங்கள் ஊர்களில் நிறைய. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய இயந்திரங்களில் உபுண்டுவோ மின்ட்டோ போட்டுக்கொண்டவர்களும் இப்போது உங்களோடு சேர்ந்துவிட்டார்கள். ஆகவே அப்கிரேடு செய்து மாட்டிக்கொள்கிறவர்களின் எண்ணிக்கை இனிமேல் கூடத்தான் போகிறது.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அப்கிரேடு என்பது உங்கள் கோப்புகளைத் தொடும் வேலை அல்ல. லினக்ஸில் நீங்கள் சேமித்தவை எல்லாம் ஹோம் என்ற அடைவுக்குள் இருக்கின்றன. அப்கிரேடு மாற்றுவது அதற்கு வெளியே இருக்கும் நிரல்களை. கணினி துவங்கவில்லை என்றால் துவக்கும் நிரல்களில் ஏதோ ஒன்று குறைப்பட்டிருக்கிறது என்று மட்டுமே பொருள். உங்கள் அப்பாவின் அட்டை அது இருந்த இடத்தில்தான் இருக்கிறது.

நிரல்கள் பொதி பொதியாக நிறுவப்படுகின்றன. ஒவ்வொரு பொதிக்கும் இரண்டு கட்டம் உண்டு: முதலில் கோப்புகள் வட்டில் விரிக்கப்படும், பிறகு அந்தப் பொதி அமைக்கப்படும். பெரிய அப்கிரேடில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொதிகள் இப்படி மாறுவது சாதாரணம். நடுவில் கரண்ட் போனால் சில பொதிகள் புதியவை, சில பழையவை, சில விரிந்தும் அமையாதவை என்று கணினி மூன்றும்கெட்டானாக நிற்கும். ஆனால் டிபிகேஜி என்ற நிரல், எந்தப் பொதி எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஒவ்வொரு அடியிலும் எழுதிவைத்துக்கொண்டே போகிறது. அதனால் விட்ட இடத்திலிருந்து தொடர முடியும். வலையில் நண்டு மாட்டிக்கொண்டால் உங்கள் வீட்டில் யாரும் வலையை அறுப்பதில்லை. ஒவ்வொரு காலாகக் கண்ணியிலிருந்து விடுவித்து நண்டையும் முழுசாக எடுக்கிறார்கள், வலையையும் காப்பாற்றுகிறார்கள். பாதியில் நின்ற அப்கிரேடுக்கும் அந்தப் பொறுமைதான் வேண்டும்.

அண்மையில் உங்கள் குப்பம் ஒன்றில் ஒரு தங்கையின் கணினியைப் பார்த்தேன். டெபியன் 11லிருந்து 12க்கு மாற்றியிருக்கிறாள். முக்கால்வாசி ஓடி நின்றுவிட்டது. மறுபடி இயக்கியதும் திரை முழுக்க எழுத்து. அதில் கெர்னல் பேனிக் என்று ஒரு வரி, ரூட் கோப்பு முறைமையை ஏற்ற முடியவில்லை என்று இன்னொரு வரி, அதன் முடிவில் அன்நோன்-பிளாக் என்று போட்டு அடைப்புக்குறிக்குள் இரண்டு சுழியம். ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவள் அழுதிருந்தாள், பார்த்தாலே தெரிந்தது.

அந்த இரண்டு சுழியமும் வட்டு செத்ததைச் சொல்லவில்லை. லினக்ஸின் மைய நிரலான கெர்னல் துவங்கியவுடன் வட்டை அணுகுவதற்குத் தேவையான இயக்கிகள் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறு கோப்பில் இருக்கும். புதிய கெர்னல் வந்து உட்கார்ந்துவிட்டது, அதற்குரிய இந்தச் சிறு கோப்பு மட்டும் உருவாகவில்லை. உருவாகாததற்குக் காரணம் இருக்க வேண்டும். அதைத் தேடுவதற்கு முன்னால், லைவ் பென்டிரைவைச் செருகி, அதிலிருந்து கணினியைத் துவக்கி, அவளுடைய ஹோம் அடைவு முழுவதையும் வெளி ஹார்ட் டிஸ்க்குக்குப் படியெடுத்தோம். கல்யாணப் படங்களைத் திறந்து காட்டியபோதுதான் அவள் அம்மா அடுப்படியிலிருந்து வந்து உட்கார்ந்தார். படியெடுத்து முடிந்த பிறகு வேலையில் அவசரம் என்பதே இல்லாமல் போனது.

பென்டிரைவை எடுத்துவிட்டுக் கணினியை மறுபடி இயக்கி, எதிலிருந்து துவங்குவது என்று தேர்ந்தெடுக்கும் கிரப் பட்டியலை வரவழைத்தோம். பழைய பயாஸ் கணினியில் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தால் வரும். யுஇஎஃப்ஐ கணினியில் எஸ்கேப் விசையை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். அந்தப் பட்டியலில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்ற வரிக்குள் போனால் பழைய கெர்னல் அப்படியே இருக்கும். அப்கிரேடு புதிய கெர்னலைப் பழையதற்குப் பக்கத்தில்தான் வைக்கிறது, பழையதை உடனே தூக்குவதில்லை. இது பலருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பாதிப் பேர் பொன்னேரிக்கு பஸ் ஏறவே வேண்டாம். பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்ததும் கணினி எழுந்துகொண்டது. டெஸ்க்டாப் வரவில்லை, எழுத்துத் திரைதான் வந்தது. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி, பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே போனோம்.

ஆப்ட் நிரலின் பதிவேட்டைத் திறந்து படித்தோம். தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தில் கவனியுங்கள். திரையில் கடைசியாக நிற்கும் வரி பெரும்பாலும் விளைவுதான். காரணம் அதற்கு வெகு மேலே, முதல் பிழை வரியில் இருக்கும். கடைசி வரியை மட்டும் பார்த்துத் தீர்வு தேடுகிறவர்கள் இல்லாத நோய்க்கு மருந்து சாப்பிடுகிறார்கள். அவள் பதிவேட்டில் மேலே போகப் போக, வட்டில் இடமில்லை என்ற வரி திரும்பத் திரும்ப வந்தது. அதுதான் முதல் பிழை வரி. இடம் எவ்வளவு மிச்சம் என்று கேட்டதற்கு, நூற்றுக்கு நூறும் நிறைந்துவிட்டது என்று கணினி பதில் சொன்னது.

விண்டோஸுக்குப் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டு லினக்ஸுக்குக் கொஞ்சம் இடம் ஒதுக்கிய கணினிகளில் இது அடிக்கடி நடப்பது. அப்கிரேடு இறக்கிய பொதிகள் ஒரு பக்கம் இடத்தை அடைத்துக்கொள்ள, அவற்றை விரிக்க இன்னொரு மடங்கு இடம் வேண்டியிருக்கிறது. அவள் வட்டில் அது மட்டுமில்லை. அழித்துவிட்டதாக நினைத்த சினிமாப் படங்கள் எல்லாம் குப்பைத் தொட்டியில் அப்படியே கிடந்தன. அவற்றையும் பல மாதப் பழைய பதிவேடுகளையும் நீக்கியதும் தாராளமாக இடம் வந்தது. இறக்கி வைத்த பொதிகளை மட்டும் அந்த நேரத்தில் நீக்க விடவில்லை. இன்னும் விரியாத பொதிகள் அதற்குள் இருக்கும்; நீக்கினால் மறுபடி இறக்க வேண்டும், மொபைல் டேட்டா தீரும்.

பிறகு இரண்டே கட்டளைகள். டிபிகேஜியிடம், அமைக்காமல் விட்டவற்றை எல்லாம் அமைத்து முடி என்று ஒன்று. ஆப்டிடம், முறிந்திருக்கும் சார்புகளைச் சரிசெய் என்று இன்னொன்று. பொதிகள் ஒவ்வொன்றாக அமைந்துகொண்டே போக, நடுவில் இனிட்ராம்எஃப்எஸ் உருவாக்கப்படுகிறது என்ற வரி வந்தது. மிச்சமிருந்த அப்கிரேடை முழுதாக ஓடவிட்டு, கணினியை மறுபடி துவக்கினோம். டெஸ்க்டாப் வந்தது.

வைஃபை வரவில்லை. இதுவும் ஒரு பொதுவான நோய் என்பதால் சொல்கிறேன். அவள் கணினியில் இருந்தது பிராட்காம் சில்லு. சில பிராட்காம் சில்லுகளுக்கும் ரியல்டெக் சில்லுகளுக்கும் உரிய இயக்கியை, ஒவ்வொரு கெர்னலுக்கும் அந்தக் கணினியிலேயே புதிதாகத் தொகுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. புதிய கெர்னலின் ஹெட்டர் கோப்புகள் இல்லாவிட்டால் அந்தத் தொகுப்பு நின்றுபோகும். ஹெட்டரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும். இங்கேதான் பலர் மலைத்து நிற்கிறார்கள். ஆண்ட்ராய்டு போனை சார்ஜர் கேபிளால் கணினியோடு இணைத்து, போனில் யுஎஸ்பி டெதரிங் என்பதைத் தட்டுங்கள். கணினி அதை ஒரு கம்பி இணைப்பாக எடுத்துக்கொள்ளும். வைஃபை இயக்கி எதுவும் தேவைப்படாது. ஹெட்டரை இறக்கினோம், இயக்கி தொகுக்கப்பட்டது, வைஃபை வந்தது. டெபியன் 12க்கு வருகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: 2023 ஜூனில் வந்த அந்தப் பதிப்பிலிருந்து, கட்டற்றதல்லாத ஃபர்ம்வேர்கள் தமக்கென ஒரு தனிப் பிரிவுக்குப் போய்விட்டன. பொதிகளை இறக்கும் களஞ்சியங்களின் பட்டியலில் அந்தப் பிரிவின் பெயரைச் சேர்க்காவிட்டால் ஃபர்ம்வேருக்குப் புதுப்பிப்பே வராது.

எல்லாக் கணினியும் இதே மாதிரி விழுவதில்லை. கரண்ட் திடீரென்று போய் வட்டில் கோப்பு முறைமை குலைந்திருந்தால், இனிட்ராம்எஃப்எஸ் என்ற பெயரை அடைப்புக்குறிக்குள் போட்டு, பக்கத்தில் கர்சர் மின்னியபடி கணினி நின்றுவிடும். வட்டின் எந்தப் பகிர்வில் (பார்ட்டிஷனில்) பிழை என்பது அதற்கு மேல் இருக்கும் வரிகளில் எழுதியிருக்கும். அந்தப் பகிர்வின் பெயரைக் கொடுத்து எஃப்எஸ்சிகே கட்டளையை ஓட்டினால் பெரும்பாலும் சரியாகும். ஆனால் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தாலோ, இன்புட் அவுட்புட் பிழை என்று வரிகள் கொட்டினாலோ எஃப்எஸ்சிகேயைத் தொடாதீர்கள். அது நிஜமாகவே சாகும் வட்டு. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் இன்னும் கொஞ்சம் போகும். முதல் வேலையாகக் கோப்புகளைப் படியெடுங்கள்.

உங்கள் ஊருக்கே உரிய ஒரு கோளாறு உண்டு. உப்புக்காற்று படும் இடத்தில் வருஷக்கணக்காக இருக்கும் கணினியில் இணைப்புகள் துருவேறும். பலகையில் இருக்கும் சிஆர் 2032 பட்டன் பேட்டரியும் வயதாகித் தீர்ந்திருக்கும். சார்ஜரைக் கழற்றிவைத்து மறுநாள் இயக்கினால் தேதி பல வருஷம் பின்னால் போய்விடும். அந்தத் தேதியில் நின்றுகொண்டு ஆப்டை ஓட்டினால், களஞ்சியத்தின் ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகும் காலத்துக்கு வரவில்லை என்று மறுத்துவிடும். லினக்ஸ் கெட்டுவிட்டதென்று இதற்கும் ஃபார்மட் அடித்தவர்கள் உண்டு. தேதியைச் சரிசெய்தால் போதும். பேட்டரியை மாற்றவும் பெரிய செலவு ஆகாது.

விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் கணினிகளில் பழி தவறான இடத்தில் விழுவதையும் பார்க்கிறேன். 2024 ஆகஸ்ட் 13 அன்று மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஒரு விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பிறகு, உலகம் முழுவதும் இரட்டைத் துவக்கக் கணினிகள் பலவற்றில் லினக்ஸ் துவங்க மறுத்தது. எஸ்பாட் சரிபார்ப்பு தோல்வி, பாதுகாப்புக் கொள்கை மீறல் என்று ஒரு செய்தி வந்து கணினி அணைந்துவிடும். லினக்ஸில் எதுவும் கெடவில்லை. பழைய துவக்கியை நம்ப வேண்டாமென்று விண்டோஸ் கணினியின் ஃபர்ம்வேரில் எழுதிவைத்ததுதான் காரணம். பயாஸில் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தி, லினக்ஸுக்குள் போய், துவக்கியைப் புதுப்பித்துக்கொள்வதே வழி. அதைச் செய்யாமல் லினக்ஸ் பகிர்வையே அழித்தவர்களின் கோப்புகள் வீணாகப் போயின.

தயாரிப்பவர்களே தடுமாறுவதும் உண்டு. 2024 ஆகஸ்ட் கடைசியில் உபுண்டு 24.04.1 வந்தது. 22.04 வைத்திருந்தவர்களுக்கு மாறச் சொல்லி அழைப்பும் போனது. பொதிகளைக் கணக்கிடும் பகுதியில் கடுமையான கோளாறு தெரியவந்ததும், சில நாளிலேயே கெனோனிக்கல் நிறுவனம் அந்த அழைப்பை நிறுத்திவைத்துவிட்டது. ஆகவே புதிய பதிப்பு வந்த அன்றே மாறத் துடிக்க வேண்டாம். ஒன்றிரண்டு மாதம் பொறுத்தால், முதல் ஆட்களுக்கு வந்த தலைவலி உங்களுக்கு வராது.

இத்தனையும் சொன்ன நானே சில கணினிகளில் புதிதாக நிறுவத்தான் சொல்வேன். டெபியன் வழியில் வரும் அமைப்புகளைப் பதிப்பு தாண்டி மாற்றக் கூடாது. 10 வைத்திருந்தால் 11க்குப் போய் அதன்பின்தான் 12. பத்து வருஷத்துக்கு முந்தைய பாஸ் இருக்கும் கணினியை இப்படிப் படி படியாக ஏற்றுவது, இறக்க வேண்டிய டேட்டாவுக்கும் படப்போகும் பாட்டுக்கும் கட்டுப்படியாகாது. பாஸ் கணினியில் உபுண்டுவின் களஞ்சிய முகவரியை ஒட்டி, ஒன்றோடொன்று ஒட்டாத பொதிகளைக் கலந்துவிட்டவர்களுக்கும் அதையே சொல்வேன். 2025 ஆகஸ்ட் 9 அன்று வந்த டெபியன் 13இல் 32 பிட் கணினிகளுக்கு நிறுவியும் இல்லை, கெர்னலும் இல்லை. அந்தக் கணினிகளை 13க்கு இழுக்க முயன்றால் நிச்சயம் மாட்டிக்கொள்வீர்கள். சில கணினிகளில் இயந்திரம் 64 பிட்டாக இருக்கும், உள்ளே போட்டிருப்பது மட்டும் 32 பிட்டாக இருக்கும்; எல்எஸ்சிபியூ கட்டளை அதைச் சொல்லிவிடும். அப்படியென்றால் 64 பிட் டெபியனைப் புதிதாகப் போடலாம், இன்னும் பல வருஷம் ஓடும். புதிதாக நிறுவுவது குற்றம் இல்லை. ஹோம் அடைவைப் படியெடுக்காமல் நிறுவுவதுதான் குற்றம். கடைக்குக் கொண்டுபோனாலும், "முதல்ல டேட்டா எடுத்துக் குடுங்கண்ணா, அப்புறம் ஃபார்மட் பண்ணுங்க" என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. அதற்குத் தனியாகக் காசு கேட்டால் கொடுங்கள்.

இனி, மாட்டிக்கொள்ளாமல் இருக்கும் வழி. ஆப்ட் எல்லாப் பொதிகளையும் முழுதாக இறக்கிய பிறகுதான் நிறுவவே தொடங்குகிறது. ஆகவே இறக்கும்போது சிக்னல் போனால் பயப்பட ஒன்றுமில்லை. மறுபடி ஓட்டினால் விட்ட இடத்திலிருந்து இறக்கும். ஆபத்து அதற்கடுத்த கட்டத்தில்தான். அங்கே கரண்ட் போகக் கூடாது, இடம் தீரக் கூடாது. இதை வைத்து வேலையை இரண்டாகப் பிரிக்கலாம். இறக்க மட்டும் செய், நிறுவாதே என்று சொல்ல ஒரு கட்டளை உண்டு. கல்லூரியிலோ பொன்னேரியில் நண்பன் வீட்டு வைஃபையிலோ அதை ஓட்டி எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டு வாருங்கள். நிறுவுவதை வீட்டில், கரண்ட் நிலையாக இருக்கும் நேரத்தில் செய்யுங்கள். ஐப்பசி கார்த்திகையில் வேண்டவே வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கரண்ட் போன கதையை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவுவதற்காகக் கடலுக்குப் போக வேண்டாமென்று அறிவிப்பு வரும் நாள் நிறுவுவதற்கு நல்ல நாள் என்று கண்டிருக்கிறேன். அன்று அப்பா வீட்டில் இருப்பார், அவருடைய போனும் வீட்டில் இருக்கும். பல வீடுகளில் டேட்டா பிடிக்கும் நல்ல போன் அது ஒன்றுதான். நடுவில் வைஃபை போனாலும் டெதரிங் கைவசம் இருக்கிறது. அதைவிட முக்கியம், ஏதாவது பிழை வந்தால் அதைப் படமெடுக்க இன்னொரு கருவி இருக்கிறது. பிழைச் செய்தியைப் படமெடுக்காமல் கணினியை அணைக்காதீர்கள். என்னிடம் வரும் பலரும் "ஏதோ எரர் வந்துச்சுண்ணா" என்கிறார்கள். எந்த எரர் என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

அப்கிரேடைத் தொடங்கும்போது டெஸ்க்டாப்புக்குள் இருக்கும் டெர்மினலில் ஓட்ட வேண்டாம். டெஸ்க்டாப்பின் பொதிகளும்தான் மாறுகின்றன. நடுவில் அது சரிந்தால் உங்கள் டெர்மினலையும் இழுத்துக்கொண்டு போகும். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி எழுத்துத் திரைக்குப் போய் அங்கிருந்து ஓட்டுங்கள். பழைய மடிக்கணினிகளின் பேட்டரியை நம்ப முடியாது என்பதால், டெஸ்க்டாப் கணினிக்கு வைத்திருக்கும் யுபிஎஸ் யார் வீட்டிலாவது இருந்தால் அதைக் கேட்டு வாங்கி, சார்ஜரை அதில் செருகுங்கள். நடுவில் அமைப்புக் கோப்பு மாறியிருக்கிறது, பழையதை வைக்கவா புதியதைப் போடவா என்று ஒரு கேள்வி வரும். நீங்கள் எதையும் மாற்றியதாக நினைவில்லையென்றால் புதியதைப் போடச் சொல்லலாம். திரை அரை மணி நேரம் அசையாமல் நிற்கிறதென்று நினைத்து அணைத்துவிட்டவர்களில் சிலருடைய கணினி அந்தக் கேள்விக்கு விடை கேட்டுத்தான் காத்திருந்தது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஏரியில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதைப் பாடு முறையில் ஊர் கூடித் தீர்மானித்துக் காப்பாற்றி வந்த பகுதி உங்களுடையது. அங்கே இருக்கும் ஊர்களுக்கு ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கையும் ஒரு லைவ் பென்டிரைவையும் பொதுவில் வைத்து முறைபோட்டு எடுத்துக்கொள்வது பெரிய காரியமில்லை. ஒரு டெராபைட் வட்டில் பல வீடுகளின் ஹோம் அடைவுகள் தாராளமாக அடங்கும். வீட்டுக்கு ஒரு பெயரில் அடைவு, அதற்குக் கடவுச்சொல் என்று வைத்துக்கொண்டால் ஒருவர் கோப்பை மற்றவர் பார்க்கும் பிரச்சினையும் வராது. லைவ் பென்டிரைவ் உருவாக்க இன்னொரு கணினி வேண்டுமே என்று தயங்க வேண்டாம். எட்ச்டிராய்டு என்ற செயலி, ஓடிஜி கேபிள் வழியாக ஆண்ட்ராய்டு போனிலிருந்தே பென்டிரைவில் எழுதிக் கொடுக்கும். அந்தப் பென்டிரைவை வைத்துக்கொள்ளும் பொறுப்பை ஒரு பெண் பிள்ளையிடம் கொடுங்கள் என்பது என் விருப்பம். பையன்கள் பதினெட்டு வயதில் படகுக்கோ சென்னைக்கோ போய்விடுகிறார்கள்; வீட்டிலிருந்தே கல்லூரிக்குப் போய்வரும் பெண்கள்தான் ஊரில் இருக்கிறார்கள், இருக்கிறவரை கற்றுக்கொடுக்கவும் செய்கிறார்கள்.

என்னால் தீர்க்க முடியாததும் வரும். அப்போது கேட்பதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். சென்னை லினக்ஸ் பயனர் குழு பல வருஷங்களாகக் கூடிவருகிறது. புதிதாக வருகிறவர்களைச் சலிக்காமல் கேட்பவர்கள் அவர்கள். 2012இலிருந்து வரும் கணியம் இதழில் லினக்ஸ் பற்றிய தமிழ்க் கட்டுரைகளும் இலவச மின்னூல்களும் நிறைய இருக்கின்றன. கேட்கும்போது, எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புக்கு, எந்த இடத்தில் நின்றது, முதல் பிழை வரி என்ன, அதற்குப் பிறகு நீங்கள் என்னென்ன செய்தீர்கள் என்பதையெல்லாம் சொல்லுங்கள். வெட்கப்பட்டு எதையும் மறைக்காதீர்கள். நீங்கள் அடித்த கட்டளை தெரிந்தால்தான் அதைத் திருப்ப முடியும்.

கட்டளைகளில் ஒரு எழுத்தோ இடைவெளியோ பிசகினாலும் வேலை செய்யாது என்பதால், அவற்றை ஆங்கில எழுத்தில் தனித் தாளில் அச்சிட்டு இம்மடலோடு ஒவ்வொரு குப்பத்துக்கும் அனுப்புகிறேன். தாளின் முன்பக்கம் பென்டிரைவிலிருந்து துவக்கி ஹோமைப் படியெடுக்கும் முறை, பின்பக்கம் மற்றதெல்லாம். கணினி துவங்காதபோதுதான் அது தேவைப்படும் என்பதால், போனில் படமெடுத்துவைத்தால் மட்டும் போதாது. கணினிப் பைக்குள்ளேயே ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஆவணி முடிவதற்குள் பொது ஹார்ட் டிஸ்க்கில் எல்லா வீட்டுக் கோப்புகளையும் ஒரு சுற்று படியெடுத்துவிடலாம் என்று எந்தக் குப்பம் முடிவெடுத்தாலும் சொல்லி அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
பொன்னேரியிலிருந்து உங்கள் அண்ணன்